முதல் நிகராகுவா சுருட்டு: கடையிலிருந்து கடைசிச் சாம்பல் வரை

என் முதல் நிகராகுவா சுருட்டு ஓசியில் வந்தது. அலுவலக நண்பர் ஒருவருக்குப் பெண் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் ஆளுக்கொன்று கொடுத்தார். பத்ரோன் நிறுவனத்தின் 1964 என்ற வரிசை, மேலே சுற்றுகிற இலை, அதாவது மேலிலை, மதுரோ என்கிற கருத்த ரகம். அது இருபது டாலர் சமாச்சாரம் என்று எனக்குத் தெரியாது. மத்தியானம் சாப்பிடாத வயிற்றோடு, சமையலறைக் கத்தரிக்கோலால் தலையை வெட்டி, சிகரெட் மாதிரி விடாமல் இழுத்தேன். கொஞ்ச நேரத்திலேயே பாதி போயிருந்தது, மேலிலை பிரிந்து வாழைப்பூ மடல் மாதிரித் தொங்கியது, எனக்கு வியர்த்துக் கொட்டித் தலை சுற்றியது. பால்கனித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவி ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு துண்டு வெல்லமும் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதற்குப் பிறகு நான் செய்த மற்ற தப்புகளும் இதே ரகம்தான். எல்லாவற்றுக்கும் காரணம் அவசரம். பல வருஷம் காத்திருந்து செய்த பொருளை அரை மணி நேரத்தில் தீர்க்கப் பார்த்தது. நீங்களாவது அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகைக்காதவர் யாரையும் ஆரம்பிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து சுருட்டில் உண்டு. ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்களுக்குத்தான் மேற்கொண்டு.

1. எதற்கு வயது என்று முதலில் கேளுங்கள்

கடையில் 'ஐந்து வருஷம் பழையது' என்பார்கள். எது ஐந்து வருஷம்? இதில் மூன்று தனித்தனி வயது இருக்கிறது.

முதலாவது இலையின் வயது. அறுவடை செய்து, கொட்டகையில் தொங்கவிட்டு உலர்த்தி, ஆள் உயரத்துக்கு அட்டியாக அடுக்கிப் புளிக்கவைத்து, அப்புறம் மூட்டை கட்டிக் கிடங்கில் போடுகிறார்கள். புளிக்கும்போது அட்டியின் உள்ளே கை வைக்க முடியாத சூடு இருக்கும், அம்மோனியா வாடை வெளியேறும். பத்ரோன் விஷயத்தில் 1964 வரிசைக்குக் குறைந்தது 4 வருஷம், 1926 வரிசைக்குக் குறைந்தது 5 வருஷம் பழைய இலை என்பது அவர்கள் சொல்கிற கணக்கு. இரண்டாவது, சுருட்டியபின் தொழிற்சாலையின் செடார் மர அறையில் கிடக்கிற காலம். மூன்றாவது, கடையிலோ உங்கள் வீட்டிலோ பெட்டிக்குள் கிடக்கிற காலம். விளம்பரத்தில் வரும் எண் பெரும்பாலும் முதலாவது வயதுதான். மூன்றாவதைக் கடைக்காரர் சொன்னால்தான் உண்டு.

கியூபா பெட்டிகளின் அடியில் மாதமும் வருஷமும் முத்திரை குத்தியிருக்கும். நிகராகுவா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அப்படியொரு முறை அங்கே இல்லை. உறையைப் பாருங்கள். செலோஃபேன் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால் புதுசு. தேநீர்க் கறை மாதிரி மஞ்சள் ஏறியிருந்தால் பெட்டியில் நாள் பல ஆகியிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, நிகராகுவாவில் சுருட்டினார்கள் என்பதற்காக இலை முழுக்க அந்த ஊர் இலை ஆகிவிடாது. ஒலிவா நிறுவனத்தின் மெலானியோ நிகராகுவாவின் எஸ்தெலி ஊரில்தான் சுருட்டப்படுகிறது, ஆனால் மேலிலை எக்வடாரிலிருந்து வருகிறது. பத்ரோனில் எல்லாமே நிகராகுவா இலை. அந்த மண்ணின் ருசியைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் முதல் சுருட்டை அப்படிப்பட்டதாகத் தேர்ந்தெடுங்கள்.

2. வாங்குவது: அடையாள அட்டை, காசு, அளவு

நான் இருப்பது நியூ ஜெர்சியில். அமெரிக்கா முழுக்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். நரைத்த தலைக்கும் சில கடைகளில் அட்டை கேட்பார்கள், ஓட்டுநர் உரிமமோ பாஸ்போர்ட்டோ கையில் இருக்கட்டும்.

விலை மாநிலத்துக்கு மாநிலம் மாறும், காரணம் வரி. நியூயார்க்கில் மொத்த வியாபார விலையில் 75 சதவீதம் மாநில வரி. ஃபுளோரிடாவிலும் பென்சில்வேனியாவிலும் இந்த மாதிரிப் பெரிய சுருட்டுக்கு மாநிலப் புகையிலை வரி கிடையாது. ஒரே சுருட்டு ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. நல்ல நிகராகுவா சுருட்டு ஒன்றுக்கு 12 முதல் 25 டாலர் வரை ஒதுக்குங்கள். 40 டாலருக்கும் இருக்கிறது. முதல் வருஷம் அந்தப் பக்கம் போகாதீர்கள், வித்தியாசம் நாக்குக்குத் தெரியாது.

பெட்டியாக வாங்கவே வாங்காதீர்கள். ஒரே ரகத்தில் இரண்டு வாங்குங்கள். ஏன் இரண்டு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அளவைப் பொறுத்தவரை ரொபுஸ்டோ என்கிற அளவு போதும். 5 அங்குல நீளம், தடிமன் 50. தடிமனை ஒரு அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு என்று எண்ணுகிறார்கள், அப்படியென்றால் 50 என்பது கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர். இது 45 நிமிஷம் முதல் ஒரு மணி நேரம் வரை போகும். 'சர்ச்சில்' என்கிற அளவு 7 அங்குலம், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். புதியவருக்கு அவ்வளவு பொறுமை இருக்காது, நிகோட்டினும் தாங்காது. அதே காரணத்துக்காக ஹோயா தெ நிகராகுவா நிறுவனத்தின் அந்தான்யோ 1970 போன்ற முரட்டு ரகங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கையில் எடுத்து மெதுவாக, நிஜமாகவே மெதுவாக, இரண்டு விரலால் நீளவாக்கில் தடவுங்கள். நடுவில் கல் மாதிரிக் கட்டி இருந்தால் புகை வராது, பள்ளம் இருந்தால் சூடாக எரியும். காதருகே வைத்து நசுக்கிப் பார்ப்பவர்களைப் பார்த்து நீங்களும் செய்யாதீர்கள், மேலிலை உடையும்.

போலி விஷயம். கடற்கரைச் சுற்றுலா ஊர் ஒன்றில் பாதி விலைக்கு ஒருவர் விற்றார், நானும் இளித்துக்கொண்டு வாங்கினேன். உள்ளே தூள். பத்ரோனின் 1964, 1926 வரிசைகளில் வழக்கமான பட்டைக்குக் கீழே இரண்டாவதாக ஒரு பட்டை இருக்கும், அதில் ஒவ்வொரு சுருட்டுக்கும் தனி எண் இருக்கும். நான் வாங்கிய ஐந்திலும் ஒரே எண். அதைக்கூட வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

3. ஊருக்கு எடுத்துப் போவதாக இருந்தால்

அப்பாவுக்கோ மாமாவுக்கோ வாங்கிப் போகிறவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள்.

இந்தியாவுக்குள் வரியில்லாமல் 25 சுருட்டு, அல்லது 100 சிகரெட், அல்லது 125 கிராம் புகையிலை. 'அல்லது' என்பதைக் கவனியுங்கள், மூன்றும் சேர்த்து அல்ல. அதற்கு மேல் இருந்தால் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும். பெட்டியைப் பிரித்துச் சட்டைகளுக்கு நடுவில் செருகி வைப்பதெல்லாம் ஸ்கேனில் தெரியும். கடை ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், விலைக்கு அதுதான் ஆதாரம்.

சிங்கப்பூர் வழியாக இறங்கி இரண்டு நாள் தங்கிப் போகிறவர்கள் ஜாக்கிரதை. அங்கே புகையிலைக்கு வரிவிலக்கே இல்லை, ஒரே ஒரு சுருட்டு என்றாலும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் வரியில்லாமல் 50 சுருட்டு வரை கொண்டுபோகலாம். கனடாவில் வசிப்பவர் என்றால் அந்தச் சலுகை, வெளியே குறைந்தது 48 மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பினால்தான்.

சுருட்டு வெட்டுகிற கட்டரை விமானத்தில் எடுத்துப் போக அமெரிக்காவில் தடையில்லை. ஆனால் சீறி எரிகிற டார்ச் லைட்டரைக் கைப்பையிலும் விடமாட்டார்கள், பெட்டியிலும் விடமாட்டார்கள். என்னுடையது நியூவர்க் விமான நிலையத்தில் குப்பைத்தொட்டிக்குப் போனது. 30 டாலர்.

4. வாங்கிய அன்றே பற்றவைக்காதீர்கள்

எல்லோரும் தவறுவது இங்கேதான். பல கடைகளில் சுருட்டை 70 சதவீத ஈரப்பதத்திலோ அதற்கு மேலோ வைத்திருப்பார்கள். அந்த ஈரத்தோடு பற்றவைத்தால் ஒரு பக்கம் மட்டும் எரியும், அடிக்கடி அணையும், வாயில் கசப்புத் தங்கும். வீட்டில் 65 சதவீதத்தில் இரண்டு மூன்று வாரம் கிடக்கட்டும். தபாலில் வந்ததாக இருந்தால் ஒரு மாதம்.

இதற்காக 150 டாலருக்குப் பளபளக்கும் மரப்பெட்டி வாங்க வேண்டாம். நான் வாங்கினேன். வெளியே ஒட்டியிருந்த ஈரமானி 70 காட்டியது, உள்ளே நிஜத்தில் 55. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற வீடு, அந்த மரமே காய்ந்து கிடந்து சுருட்டின் ஈரத்தையும் குடித்துவிட்டது. எட்டுச் சுருட்டின் மேலிலை அப்பளமாக வெடித்தது. புது மரப்பெட்டியை முதலில் பழக்க வேண்டும் என்று விற்றவர் சொல்லவில்லை. ஈரத்தை 84 சதவீதத்தில் நிறுத்துகிற சின்ன உறையை வெறும் பெட்டிக்குள் வைத்து 14 நாள் மூடி வைப்பதுதான் அந்தப் பழக்கல். ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்பார்கள், அதில் மரம் கோணிக்கொள்ளும்.

உங்களுக்குத் தேவை இவ்வளவுதான். ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சாம்பார் வாசனை ஏறாத புது டப்பா. அதே மாதிரி ஈரத்தை நிறுத்துகிற 65 சதவீத போவேதா உறை ஒன்று. சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று. மொத்தம் 25 டாலருக்குள் முடியும்.

ஈரமானியை நம்புவதற்கு முன் சோதியுங்கள். தண்ணீர் பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் குழையுங்கள், கரையக் கூடாது. மூடியையும் ஈரமானியையும் ஒரு ஜிப் உறைக்குள் போட்டு ஒரு நாள் விடுங்கள். உள்ளே 75 சதவீதம் இருக்கும், அது உப்பின் இயல்பு. உங்கள் கருவி 71 காட்டினால் எப்போதும் நாலு கூட்டிக்கொள்ளுங்கள்.

வெப்பம் 18 முதல் 21 டிகிரி. சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் என்று வைத்திருப்பவர்களுக்கு ஈரத்தைவிட இதுதான் தலைவலி. புகையிலை வண்டின் முட்டை இலைக்குள்ளேயே இருக்கலாம், சூடு ஏறினால் பொரிந்து, ஊசியால் குத்தினாற்போல் ஓட்டை போட்டு வெளியே வரும். ஏசி அறையில், சுவரோர அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேலே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதாவது படிந்தால் அது பூஞ்சை. 'நல்லா பழுத்த சுருட்டில் அப்படித்தான் பூக்கும்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அந்தச் சுருட்டைத் தள்ளி வையுங்கள்.

5. நாளும் வயிறும்

சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. இரண்டு மணி நேரம் யாரும் கூப்பிடாத நாள். காற்று வீசாத இடம், குழந்தைகள் இல்லாத இடம். பக்கத்தில் தண்ணீர், பால் இல்லாத காபி, ஒரு துண்டு வெல்லமோ பனங்கற்கண்டோ. தலை சுற்றினால் சுருட்டைக் கீழே வைத்துவிட்டு இனிப்பை வாயில் போடுங்கள், வீரம் காட்ட வேண்டாம்.

பூண்டு ரசம், ஊறுகாய் சாப்பிட்ட அன்று ருசி பார்க்க உட்காராதீர்கள்.

6. வெட்டு

வாயில் வைக்கிற முனையில், வட்டமாக ஒரு துண்டு இலையை ஒட்டி மூடியிருப்பார்கள். உற்றுப் பார்த்தால் அந்தத் தொப்பி முடிகிற இடத்தில் மெல்லிய கோடு தெரியும். வெட்டு அந்தக் கோட்டுக்கு மேலேதான் விழ வேண்டும், 2 மில்லிமீட்டர் போதும். கோட்டைத் தாண்டினால் மேலிலையைப் பிடித்திருக்க ஒன்றும் இல்லை, என் வாழைப்பூதான். இரட்டை அலகுக் கட்டர் 10 டாலருக்குக் கிடைக்கிறது. மேசையில் கட்டரைப் படுக்கவைத்து, சுருட்டை அதன் துளைக்குள் செங்குத்தாக நிறுத்தி அழுத்தினால் ஆழம் தானாகவே சரியாக வரும். ஒரே அழுத்து, தயங்கினால் கிழியும்.

பற்றவைக்காமலே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். வைக்கோல், உலர்திராட்சை, கோகோ ஏதாவது ஒன்று நாக்கில் படும். உதட்டில் லேசாகக் காரம் ஏறும்.

7. நெருப்பு

பெட்ரோல் லைட்டர் வேண்டாம், அந்த வாடை கடைசிவரை போகாது. தீக்குச்சி என்றால் கந்தகம் எரிந்து தீரும்வரை பொறுங்கள். வாசனையில்லாத பியூட்டேன் லைட்டர் நல்லது.

நெருப்பைத் தொடவிடாமல், முனையை அதற்குச் சற்று மேலே சாய்த்துப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருங்கள். தணலில் அப்பளம் சுடுகிற கைப்பக்குவம்தான். விளிம்பு முழுக்கக் கருத்துச் சிவந்தபிறகு வாயில் வைத்து, மெதுவாக இழுத்துக்கொண்டே சுற்றுங்கள். முனையை உங்கள் பக்கம் திருப்பி லேசாக ஊதிப் பாருங்கள், கருப்பாகத் தெரிகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் காட்டுங்கள். இதற்கு ஒரு நிமிஷம் முழுசாக ஆகும்.

8. ருசி: மூன்று பாகமாக

புகை வாயோடு நிற்கட்டும். நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு, அதற்கு மேல் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துத்தான் நான் பழகினேன். வேகமாக இழுத்தால் இலை கருகும், கருகினால் எல்லாச் சுருட்டும் ஒரே கசப்புதான்.

முதல் பாகத்தில் நிகராகுவா இலை மிளகாகத்தான் வரும். மிளகாய் இல்லை, மிளகு. நாக்கின் நுனியிலும் மூக்கின் உள்ளேயும். எஸ்தெலியின் கருத்த எரிமலை மண் இலைக்கு இந்த உறைப்பு அதிகம். ஹோண்டுராஸ் எல்லையை ஒட்டிய ஹலாபா பள்ளத்தாக்கின் இலை இனிப்பும் வாசனையுமாக இருக்கும். கொண்டேகா பகுதி இலை இரண்டுக்கும் நடுவில். ஏரிக்கு நடுவே எரிமலைத் தீவான ஒமெதெப்பேயில் விளைவதில் மண்வாசனை தூக்கலாக இருக்கும். சுருட்டு கட்டுகிறவர் இவற்றைக் கலக்குகிறார். செடியின் உச்சியில் வெயிலை வாங்கி வளர்ந்த தடித்த இலையை லிகேரோ என்கிறார்கள், காட்டம் அதில்தான். அது மெதுவாக எரியும் என்பதால் நடுவில் வைப்பார்கள். சாம்பலைத் தட்டிப் பார்த்தால் தணல் நடுவில் கூம்பாக நிற்பது அதனால்தான்.

இலை எத்தனை வருஷம் காத்திருந்தது என்பது இங்கேதான் தெரியும். இளசான சுருட்டில் மிளகோடு மூக்கைச் சுளிக்கவைக்கிற அம்மோனியா நெடியும் வரும். வயது ஏறியதில் நெடி இருக்காது, காரம் வந்துவிட்டு வழிவிடும்.

ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை கொஞ்சம் புகையை மூக்கு வழியாக விடுங்கள். நெஞ்சுக்குள் இழுத்து அல்ல, வாயில் இருப்பதில் பெரும்பகுதியை வெளியே விட்டுவிட்டு, மிச்சத்தை வாயை மூடிக்கொண்டு மேலே தள்ளுவது. சூடான ரசம் குடிக்கும்போது ஆவி உள்பக்கமாக ஏறுமே, அந்தப் பாதைதான். முதல் தடவை கண்ணில் தண்ணீர் வரும். ஆனால் வாய்க்குத் தெரியாத பாதி விஷயம் அங்கேதான் தெரிகிறது.

இரண்டாம் பாகம்தான் நீங்கள் காசு கொடுத்தது. மிளகு பின்னால் போய், வறுத்த காபிக்கொட்டை, கோகோ, வேர்க்கடலைத் தோல் என்று ஒவ்வொன்றாக வரும். வெளிநாட்டு விமர்சனங்களில் 'குதிரைச் சேணம்', 'ஓக் மரம்' என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். நான் சேணத்தை முகர்ந்ததே இல்லை, ஒரு வருஷம் அதைத் தேடித் தேடி ஏமாந்தேன். உங்கள் வீட்டு வாசனையிலேயே எழுதுங்கள். என் நோட்டில் இருப்பவை: கருப்பட்டி அடிப்பிடித்தது, பழைய புளி, பாட்டி பீரோவைத் திறந்தால் வருகிற மரவாசனை, நன்னாரி, கொட்டைப்பாக்கின் துவர்ப்பு. துவர்ப்புக்குத் தனிப்பெயர் வைத்திருக்கிற மொழிக்காரர்கள் நாம், அது இந்த வேலைக்கு ரொம்ப உதவும். 'செரூட்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் 'சுருட்டு' போய் ஆனதுதான், வெட்கப்படாமல் தமிழில் எழுதலாம்.

சாம்பலை அடிக்கடி தட்டாதீர்கள். ஒரு அங்குலம் வரை நிற்கட்டும், சூட்டைக் குறைக்கும். பட்டையை முதலிலேயே உரிக்காதீர்கள், பசை மேலிலையோடு ஒட்டியிருந்தால் கிழியும். சூடு நெருங்கும்போது தானே இளகும்.

கடைசிப் பாகத்தில் காட்டம் ஏறும். விரல் சுடுவதற்கு முன்பே நாக்கு 'போதும்' என்று சொல்லிவிடும், நுனிவரை புகைத்துக் காசை வசூலிக்க நினைக்காதீர்கள்.

9. கோளாறுகள்

ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் உடனே லைட்டரை எடுக்காதீர்கள், இரண்டு மூன்று இழுப்பில் பாதி தானே சரியாகும். ஆகாவிட்டால் பின்தங்கிய ஓரத்துக்கு மட்டும் நெருப்புக் காட்டுங்கள். அணைந்துவிட்டால் சாம்பலைத் தட்டி, ஒரு தடவை வெளிப்பக்கமாக ஊதிப் பழைய புகையை விரட்டிவிட்டுப் பற்றவையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் என்றால் சரி. நாளைக்கு மிச்சத்தைப் பிடிக்கலாம் என்று டப்பாவில் வைத்தால் டப்பாவில் இருக்கிற மற்றதும் நாறும், அனுபவம்.

10. முடித்தபின், அந்த இரண்டாவது சுருட்டு

சிகரெட் மாதிரி நசுக்கி அணைக்க வேண்டாம், நாற்றம் எடுக்கும். சாம்பல் கிண்ணத்தில் வைத்துவிட்டால் சில நிமிஷத்தில் தானே அணையும். கிண்ணத்தை இரவே வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். சட்டை நேரே துவைக்கப் போகட்டும்.

படுக்கப் போவதற்கு முன் நாலு வரி எழுதிவிடுங்கள்: எந்தச் சுருட்டு, என்ன விலை, எவ்வளவு நேரம் எரிந்தது, ஒவ்வொரு பாகத்திலும் என்ன வந்தது. பிறகு அந்த இரண்டாவது சுருட்டின் உறைமேல் இன்றைய தேதியை ஒட்டி, டப்பாவின் அடியில் போட்டுவிடுங்கள். ஒரு வருஷம் தொடாதீர்கள். எடுக்கிற அன்று பழைய நாலு வரியைப் படிக்காமல் புகைத்து, புதிதாக எழுதி, அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் நோட்டில் ஒரே 1964க்கு முதல் தடவை 'மிளகு, மிளகு, கொஞ்சம் காபி' என்று இருக்கிறது. பதினாலு மாதம் கழித்து எழுதியதில் மிளகு என்ற சொல்லே இல்லை, 'கருப்பட்டிக் காபி, ஆறிப்போனது' என்று எழுதியிருக்கிறேன். சுருட்டு மாறியதா, நான் நிதானமாகப் புகைக்கக் கற்றுக்கொண்டேனா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதற்காகவே மூன்றாவது ஒன்று டப்பாவில் கிடக்கிறது, தேதி ஒட்டி.